இரண்டு நோட்டிலும் இல்லாத வீடு

களத்துப்பட்டி
14.7.2024

அன்புள்ள தங்கை கிளாராவுக்கு,

அக்கா ரோஸ்மேரி எழுதுவது. இயேசுவுக்குப் புகழ் என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்த வரியைப் பார்த்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று தோன்றியதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, கோபம் இருக்கட்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும்போது ஒருவரிடமாவது சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? திண்டுக்கல் நாகல் நகரில் உன் சிநேகிதி ரஃபியாவின் துணிக்கடை வாசலில் மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாம் தடவைதான் அவள் வாயைத் திறந்தாள். "டீச்சர், நம்பர் மட்டும் கேக்காதீங்க. காந்திகிராமத்துப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துல சமையல் வேலைக்குச் சேந்திருக்கா. வேணும்னா லெட்டர் போடுங்க" என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். நானே கடைசியாக எப்போது எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் மாதம் நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நான் உள்ளபடி சொல்கிறேன்.

நான்காம் தேதி காலையில் கீழத்தெருவில் பதினெட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் நாற்பது ஆனது. சாக்கடை ஓரத்தில் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் பழனிக்குமார் பைக்கில் ஓடி வந்தார். பாவம், அவரிடம் ஆள் இல்லை. இரண்டு ஊர் வேலையை ஒரே நர்ஸ் பார்க்கிறார், வீட்டுப் பட்டியலும் பழையது. அதனால் என்னையும் கோயில் கமிட்டி நல்லுசாமி அண்ணனையும் கூப்பிட்டார். அன்பியத் தலைவி என்பதால் என்னிடம் அன்பிய நோட்டு இருந்தது, சர்ச் பங்கைச் சேர்ந்த எண்பத்து நான்கு வீடுகள். அண்ணனிடம் தலைக்கட்டு நோட்டு, கோயிலுக்கு வரி கட்டுகிற நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். "ரெண்டு நோட்டையும் சேத்தா ஊரு முடிஞ்சுபோச்சு சார்" என்று அண்ணன் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மைக்கில் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான். சொன்னால் பாதி ஊர் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பிவிடும், போகிற இடத்துக்கெல்லாம் நோயும் போகும். அதனால் வீடு வீடாகப் போய், குழாய்த் தண்ணீரைத் தொடாதே, காய்ச்சிக் குடி, இந்தக் குளோரின் மாத்திரையைப் போடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு கேன் தண்ணீரும் கொடுத்துவிட்டு வர வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. பதினோரு நாள் பம்பரமாகச் சுற்றினோம்.

அதில் உன் வீடு விட்டுப்போயிற்று, கிளாரா. நாங்கள் அண்ணன் நோட்டில் இருக்கும் என்று நினைத்தோம், அவர் எங்கள் நோட்டில் இருக்கும் என்று நினைத்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. உன் வீட்டுக்காரர் போன செய்தி எனக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குள் அவர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

ஒரு வரி எழுது. சாப்பிடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

உன் அக்கா,
ரோஸ்மேரி


களத்துப்பட்டி
15.8.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. கடிதம் வந்து சேரவில்லையோ என்று தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். "நீங்க போட்டா அது போயிரும் டீச்சர், அவங்க போட்டாத்தான வரும்" என்கிறார். வரவர எல்லோருக்கும் வாய் நீண்டுவிட்டது.

இன்று மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. மாதா கோயிலில் அசன விருந்து போட்டார்கள். ஊரே வந்து சாப்பிட்டது. உனக்குப் பிடிக்கும் கத்திரிக்காய் வெஞ்சனம் இருந்தது. யாருக்கும் தண்ணீரைப் பற்றிப் பயமில்லை இப்போது. குழாய் மாற்றியாயிற்று.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பதில் போடு.

ரோஸ்மேரி


காந்திகிராமம் அஞ்சல்
3.9.2024

அக்கா,

இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதை எட்டு நாள் கழித்துப் பிரித்தேன். இரண்டாவதை நேற்றுத்தான் பிரித்தேன். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். நாங்கள் நான்கு பேர். கிராமத்து ஆட்கள் பயிற்சிக்கு வருவார்கள், இரண்டு நாள் மூன்று நாள் தங்குவார்கள். நூறு பேர், நூற்று இருபது பேர். காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம். இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறேன்.

நேற்று ஒரு பயிற்சி. ஊரில் நோய் பரவினால் ஊர் அமைப்புகளும் சுகாதாரத் துறையும் எப்படிச் சேர்ந்து வேலை பார்ப்பது என்று. நேரம் போய்விட்டதால் சாப்பாட்டை ஹாலுக்கே கொண்டுவரச் சொல்லி, சாப்பிடும்போதே திரையில் படம் காட்டினார்கள். உன் படம் வந்தது. பக்கத்தில் நல்லுசாமி அண்ணன். உன் கையில் சான்றிதழ். கீழே ஆகஸ்ட் பதினைந்து என்று தேதி. விசேஷம் ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய்.

பயிற்சி கொடுக்கிறவர் சொன்னார்: "இந்த ஊர்ல கோயில் கமிட்டியும் சர்ச் ஆளுங்களும் ஒண்ணா எறங்கினாங்க. அறுபத்தெட்டு பேருக்கு நோய். ஆனா ஒரு உயிர்கூடப் போகல."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். ஒரு அம்மா தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். ஊற்றினேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஜூனுக்குப் பிறகு எனக்கு எதுவும் வருவதில்லை. பசியும் இல்லை, மணி பார்த்துச் சாப்பிடுகிறேன். நீ கேட்டாய் என்று சொல்கிறேன்.

ஒன்று வேண்டும். இப்படி ஒரு கூட்டத்தில், மைக்கில், பாண்டியராஜ் என்று ஒருவர் உங்கள் ஊரில் இந்த நோயில் செத்துப்போனார், அவர் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை என்று நீ சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி. உன் கடிதத்தில் "உன் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். ஒரு நாளும் நீ அவர் பெயரைச் சொன்னதில்லை.

கிளாரா


களத்துப்பட்டி
10.9.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். படித்து முடித்ததும் ஏன் வந்தது என்று இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சான்றிதழை மறைத்தது தப்பு. உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் நீ கேட்பது லேசான காரியமில்லை. பழனிக்குமார் நல்ல மனிதர். அந்தப் பதினோரு நாளில் நாலு நாள் பள்ளிக்கூட பெஞ்சில்தான் படுத்தார். உயிர்ச்சேதம் இல்லை என்று மேலே எழுதி அனுப்பியது அவர். இப்போது நான் மைக்கில் இப்படிச் சொன்னால் அவருக்கு மெமோ வரும். நல்லுசாமி அண்ணன் என் வாசலை மிதிக்க மாட்டார். நாங்கள் செய்ததைப் பார்த்து வட்டாரத்தில் மற்ற ஊர்களிலும் இதையே செய்யப்போகிறார்கள். ஒரு சாவு என்றதும், இந்த ஊர் ஆட்களை நம்பி இறங்கினால் இப்படித்தான் என்று கைவிட்டுவிடுவார்கள். நாளைக்கு வேறு ஊரில் ஒன்று நடந்தால் வீடு வீடாகப் போக ஆள் இருக்காது. அதையும் யோசி.

அதோடு, டாக்டர் கொடுத்த சீட்டில் சிறுநீரகம் பழுது என்றுதான் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகிற வழியில் உயிர் போனது, உங்கள் ஆட்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் கொண்டுபோய் இறப்பை அங்கேயே பதிவு செய்தார்கள். நம் ஊர்க் கணக்கில் அது வரவே இல்லை. நான் சொன்னால் எந்தக் காகிதத்தை வைத்துச் சொல்வேன்?

இன்னொன்று. அக்டோபர் ஐந்தாம் தேதி உங்கள் பயிற்சி நிலையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ அங்கே இருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட முடியுமா? உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

ரோஸ்மேரி


காந்திகிராமம் அஞ்சல்
16.9.2024

அக்கா,

லீவு போட முடியாது. அன்றைக்கு நூற்று இருபது பேருக்குச் சமையல். ஒருத்தி பேறுகாலத்துக்குப் போயிருக்கிறாள்.

நடந்ததை எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எழுதினாய். என் வீட்டில் நடந்ததை உனக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் கனகாம்பரம் பறித்துவிட்டு வந்து குழாயில் வாய் வைத்துக் குடித்தார். ஆறாம் தேதி காலையில் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. எங்களுடையது தோட்டத்து வீடு, ஊருக்குள் நடப்பது எங்களுக்கு வந்து சேராது. வெயிலில் வேலை பார்த்ததால் என்று நினைத்தோம். நீ வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. நான் உன் தங்கை என்பதால் என்னை எழுப்பிவிட்டுத்தான் கேட்பாய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளந்து கரைத்தேன். காய்ச்சவில்லை. பதினான்கு வருஷமாகக் குடிக்கிற குழாய்த் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். அரை மணிக்கு ஒரு டம்ளர். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். குடித்தால்தான் உடம்பு தேறும் என்று தலையைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். மூன்று நாள் இப்படிக் கொடுத்தேன்.

நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஏழாம் தேதி பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதை முனையில் முருங்கை மரத்துப் பக்கம் நீ குடையோடு நின்றாய். கையில் நோட்டு. தண்ணீர் கேன் வைத்த சைக்கிள் பின்னால் நின்றது. அவரிடம், "எங்கக்கா வருது" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கேட்டார். "ஏம்புள்ள, மொதத் தடவ நம்மூட்டுக்கு வர்றாங்க. பனியனோட இருந்தா நல்லாவா இருக்கும்" என்றார். நான் சட்டையை மாட்டி பட்டன் போட்டுவிட்டேன்.

நீ நோட்டைத் திறந்து பார்த்தாய். பிறகு மூடிவிட்டுத் திரும்பிப் போனாய்.

செத்த நேரம் கழித்து வருவாய் என்று அவர் சட்டையைக் கழற்றவில்லை. ஒன்பதாம் தேதி வண்டியில் ஏற்றியதும் அந்தச் சட்டையோடுதான்.

விட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறாய். மெமோ வருவது, சீட்டில் இருப்பது, வட்டாரம் எல்லாம் உன் கவலை. நோட்டில் என்ன பார்த்தாய், அதைச் சொல்.

கிளாரா


களத்துப்பட்டி
27.9.2024

கிளாரா,

பத்து நாளாகத் தினமும் எழுதிக் கிழித்தேன். இன்று கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

நோட்டில் உன் பெயரைப் பார்த்தேன். அன்பிய நோட்டை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக எழுதுவோம். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன அந்த வருஷமே பங்குச் சாமியார் உன் பெயரை அடிக்கச் சொன்னார். நான் அடித்தேன். அடித்த பெயரைப் புது நோட்டில் யாரும் ஏற்றமாட்டார்கள், விட்டுவிடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் உன் பெயரை எழுதிவிட்டு, உடனே ஒரு கோடு போட்டு அடித்துவிடுவேன். மூன்று நோட்டில் அப்படிச் செய்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதாமல் விட மனசு வரவில்லை, அடிக்காமல் விடவும் மனசு வரவில்லை.

அன்றைக்குப் பாதை முனையில் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தேன். அடித்திருந்தது. பதினான்கு வருஷம் வராதவள் குளோரின் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பதா என்று வெட்கமாக இருந்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னோடு கேன் சைக்கிளில் வந்த பெண்ணுக்கு முன்னால் என் மானம் போகுமே என்று இருந்தது. அவர் இந்துதானே, அண்ணனின் ஆள் வந்து சொல்வான் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம், "இந்த வீடு நம்ம லிஸ்ட் இல்ல" என்றேன். அவள் சைக்கிளைத் திருப்பினாள். எல்லாம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

நேற்று நல்லுசாமி அண்ணனிடம் போய்க் கேட்டேன், உங்கள் ஆள் ஏன் போகவில்லை என்று. "அவரு வெளியூர்க்காரரு, நம்மூரு தலைக்கட்டுல சேக்கல. அதுபோக, கூடப்பொறந்தவ நீ நோட்டும் கையுமா நிக்கயில நான் ஆள் விட்டா நல்லாவா இருக்கும் டீச்சரு? உன் தங்கச்சி வீட்டுக்கு நீ போவேன்னு இருந்தேன்" என்றார். என்னை முறைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அழவும் இல்லை. நீ எழுதினாயே எதுவும் வருவதில்லை என்று, எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எண்ணிக்கை மட்டும் ஓடுகிறது.

பழனிக்குமாரிடம் முதலில் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "சொல்லுங்க டீச்சர். நான் எழுதினது தப்புதான்" என்றார்.

ஐந்தாம் தேதி சொல்கிறேன்.

ரோஸ்மேரி


காந்திகிராமம் அஞ்சல்
6.10.2024

அக்கா,

நீ நேற்றுப் பேசியதைக் கேட்டேன். சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் மைக் போட்டால் எங்களுக்குக் கேட்கும்.

முதலில் வழக்கமாகப் பேசினாய். எண்பத்து நான்கு வீடு, நூற்றுப் பன்னிரண்டு வீடு. பிறகு நிறுத்தினாய். மைக் கெட்டுவிட்டது என்று எங்கள் சமையல் மேஸ்திரி நினைத்தார். பிறகு சொன்னாய்: "உங்களுக்குக் காட்டின படத்துல ஒரு தப்பு இருக்கு. எங்க ஊர்ல ஒருத்தர் எறந்துபோனார். அவர் பேர் பாண்டியராஜ். என் தங்கச்சி கிளாராவோட வீட்டுக்காரர். அவங்க வீடு ரெண்டு நோட்டுலயும் இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் அந்த வீட்டுக்குப் போகல. வாசலுக்குக் கிட்டப் போயிட்டுத் திரும்பிட்டேன்."

வெளியே லாரி போகிற சத்தம் கேட்டது. பயிற்சி கொடுக்கிறவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. வடமதுரைப் பக்கத்து ஆள் என்று பிறகு சொன்னார்கள். "அப்ப எங்க ஊரு செங்கச் சூளைல அம்புட்டுச் சனம் இருக்கே, அவுக எந்த நோட்டுல இருக்காக?" என்று கேட்டார். இன்னொரு பெண் தன் ஊரில் வெளியூரிலிருந்து வந்து ஆட்டுக்கிடை போடுகிறவர்களைச் சொன்னாள். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள், எனக்கு ஒன்றும் பிரித்துக் கேட்கவில்லை.

நீ அவர் பெயரைச் சொன்னால் எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி நறுக்கினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நீ சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாய். தெரியும். நான் திரும்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று இல்லை. திரும்பினால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் கேட்டதை நீ செய்துவிட்டாய். மன்னித்தேன் என்று எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அப்படி ஒன்றும் உள்ளே இல்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கிளாரா


களத்துப்பட்டி
17.11.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

முதலில் இங்கே நடப்பது. பழனிக்குமாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் கொடுத்திருக்கிறார், மேலேயிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயர் அரசாங்கக் கணக்கில் ஏறவில்லை, ஏறாது போலிருக்கிறது. பாண்டியராஜ் பெயரைச் சொல்கிறேன். சீட்டில் உள்ளதுதான் செல்லுபடியாகுமாம். அன்பியத்தில் நாலு பேர் என்னோடு பேசுவதில்லை. ஊர் மானத்தை வாங்கிவிட்டேனாம். தலைவி பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். வேறு யாரும் எடுக்க முன்வரவில்லை, அதனால் நானே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இங்கே டெங்கு. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, இரண்டு பேர் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில். நல்லுசாமி அண்ணன் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். போன வாரம் தானாகவே வந்தார். "நோட்டு வேணாம் டீச்சரு. கரண்டு மீட்டர் இருக்க வீடு, இல்லாத வீடு, எல்லாத்தையும் ரோட்டு மொனைல இருந்து நடந்தே பாப்போம்" என்றார். அப்படியே நடக்கிறோம். இரண்டு நோட்டிலும் இல்லாத வீடு ஒன்பது இருந்தது. தென்னந்தோப்புக் காவலுக்கு வந்த குடும்பம் ஒன்று, நான்கு வருஷமாக இருக்கிறார்களாம். அந்த அம்மாவின் பெயர் மாயம்மாள். நான் வாசலில் போய் நின்றதும், "யாரைத் தேடுறீக?" என்று கேட்டாள்.

உன் வீடும் வரிசையில் வருகிறது. பூட்டியிருக்கிறது. பின்னால் சிமெண்ட் தொட்டி திறந்து கிடக்கிறது, வேலி வழியாகப் பார்த்தால் தெரிகிறது, மழைத் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. கொசுப்புழு இருக்கும். பூட்டின வீட்டை வார்டு உறுப்பினரை வைத்துத் திறக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். நான் வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்வோம் என்றேன். ஆனால் ரொம்ப நாள் விடமுடியாது. பக்கத்துத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலியைத் தாண்டிப் போகலாமா? இல்லை நீ வருகிறாயா? நீ வருவதாக இருந்தால் நான் வராமல் வேறு ஆளை அனுப்புகிறேன். உன் இஷ்டம் எதுவோ அது.

ரோஸ்மேரி


காந்திகிராமம் அஞ்சல்
21.11.2024

அக்கா,

வேலியைத் தாண்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. எட்டு மணி பஸ்ஸில் வருகிறேன். தொட்டியை நானே இறைத்துக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவேன். இங்கேயே இருக்கப்போகிறேன். ஊருக்குத் திரும்புகிற யோசனை இல்லை.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். சாப்பாடு எடுத்து வராதே. அவர் படத்துக்கு மாலை வாங்கி வராதே. வந்து அழாதே.

வேறு ஆளை அனுப்ப வேண்டாம். நீ வா. வரிசையில் என் வீட்டுக்கு முந்தின வீட்டை முடித்துவிட்டு வா. பாதை முனையில் நிற்காதே, வாசல் வரைக்கும் வா. மற்ற வீடுகளில் கேட்கிறது போலவே கேள். காய்ச்சல் யாருக்காவது இருக்கிறதா, தொட்டி மூடியிருக்கிறதா, வீட்டில் மொத்தம் எத்தனை பேர். நான் ஒருத்திதான் என்று சொல்வேன். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போ.

கிளாரா